மூணு கல்லும் தாண்டி

எங்கள் குப்பத்துக்கு நேர் கிழக்கே கடலுக்குள் மூன்று கல் இருக்கின்றன. கல் என்றால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மேலே எதுவும் தெரியாது. கட்டுமரத்தில் போகிறவர்கள் கரையைத் திரும்பிப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். சதுரங்கப்பட்டினம் கோட்டையின் இடிந்த மூலையும் திருக்கழுக்குன்ற மலையும் ஒரே நேரில் வந்தால் முதல் கல். கோட்டை தண்ணீரில் அமிழ்ந்தது போலாகி மலை மட்டும் நின்றால் இரண்டாம் கல். கரையோரச் சவுக்குத் தோப்பும் மறைந்து, மலையும் புகை மாதிரி ஆனால் மூன்றாம் கல். மீன் அங்கேதான் அடையும். என் மகன் வலை போட்டதும் அங்கேதான்.

இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பத்து வயது வரை நானும் அந்தக் குப்பத்தில்தான் வளர்ந்தேன். தெரிந்திருந்தும் நடந்ததால்தான் எழுதுகிறேன்.

பத்து வயதில் என்னைச் செங்கல்பட்டில் ஒரு மாணவர் விடுதியில் சேர்த்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்துத் தமிழ்த் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அதே ஊரில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். கல்யாணம் மட்டும் குப்பத்துப் பெண்ணோடு. பிள்ளையைக் கடல் வாசனை படாமல் வளர்க்கவேண்டும் என்று ஏரிக்கரைப் பக்கம் வீடு எடுத்தேன். பள்ளி விடுமுறை விட்டால் அவன் தாய்மாமன் வீட்டுக்கு ஓடிவிடுவான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியதும் ஓடியவன் திரும்பவில்லை. நான் கடலிலிருந்து தப்பி வந்த தூரத்தை அவன் ஒரே பஸ்ஸில் ஏறித் திரும்பக் கடந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் லாஞ்சுகள் வந்தன. இறாலுக்கு நல்ல கிராக்கி. விசைப்படகுகள் வடக்கேயிருந்து வந்து கரையை ஒட்டி மடி என்னும் இழுவலையை இழுத்துக்கொண்டு போகும். போகிற வழியில் கட்டுமரக்காரன் போட்டு வைத்த வலையையும் சேர்த்து இழுத்துவிடும். சில நாள் கட்டுமரமே கவிழும். கடலில் சண்டை, கரையில் சண்டை, போலீஸ். நான் செங்கல்பட்டில் பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால்தான் காபி இறங்கும்.

எழுபதுகளின் நடுவில் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். தூரம் எவ்வளவு என்பதில்தான் தகராறு. அதனால் மசோதாவை இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய தெரிவுக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு கடலோரமாகப் போய் இரு தரப்பையும் விசாரித்து, தூரத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பகுதிக்கான அமர்வு மாமல்லபுரத்தில் பயணியர் மாளிகையில் நடந்தது.

குழுவோடு வரவேண்டிய சுருக்கெழுத்தர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள். தலைமை எழுத்தர் என்னைப் பார்த்தார். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே. அவங்க பேசறது உனக்குத்தான் புரியும்" என்றார்.

காலையில் லாஞ்சுக்காரர்கள். வக்கீல் வைத்திருந்தார்கள். கடல் வரைபடம், அட்டைப் பெட்டியில் மனுக்கள். இரண்டு மைலுக்கு மேல் ஒதுக்கினால் தொழிலே படுத்துவிடும் என்று வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். மறுதரப்பினர் பத்து மைல்கூடக் கேட்பார்கள், அதை ஏற்கக்கூடாது என்றும் சொல்லி வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். வெளியே புளியமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் சார்பில் பேச ஊரே சேர்ந்து அனுப்பியிருந்த ஆள் என் மனைவியின் அண்ணன். என் மகன் யாருடைய மரத்தில் போனானோ அந்த மாமன்.

மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே நின்றார். தலைவர் வறண்ட சீமையிலிருந்து வந்த மனிதர், நல்லவர். உட்காரச் சொன்னார். மச்சான் உட்காரவில்லை. என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்.

"சுருக்கமா சொன்னா சுருக்கமாத்தான்யா குடுப்பீங்க" என்றார் மச்சான். உறுப்பினர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் மேஜை ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்த என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ இன்னா இங்க கீற? சரி சரி, ஒயுங்கா எய்து."

"உங்க மாப்பிள்ளையா?" என்று தலைவர் கேட்டார்.

"என் தங்கச்சியக் கட்னவன்யா. எங்க குப்பத்துல படிச்ச ஒரே ஆளு. அதனால கடலுக்கு ஆவாதவன்."

மறுபடி சிரிப்பு. இதையெல்லாம் நான் எழுதவில்லை. காது சூடாக இருந்தது.

பிறகு மச்சான் நன்றாகவே பேசினார். வலை போன கதைகளைச் சொன்னார். யார் யார் வலை, எந்த மாதம், காற்று எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை. தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, லாஞ்சுகள் எங்கே நிற்கவேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் குழுவே வந்திருந்தது.

"லாஞ்சே வோணாம்னு சொல்லலய்யா. அவனும் வவுத்துக்குத்தான் வர்றான். மூணு கல்லும் தாண்டி அப்பால வரட்டும். இந்தாண்ட எங்களுக்கு வுட்டுடணும்."

"மூணு கல் போதுமா?"

"போதும்யா. அதுக்கு மேல கேட்டா பேராசை."

வக்கீல் சட்டென்று நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்த்தார். உதட்டோரம் சிரித்தார். மச்சான் பேச்சைக் கேட்டு நக்கலாகச் சிரிக்கிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சிரிப்பை நான் சரியாகப் படித்திருந்தால் அங்கேயே கை தூக்கியிருப்பேன்.

அமர்வு முடிந்ததும் பயணியர் மாளிகைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, சுருக்கெழுத்தைப் பார்த்து நல்ல எழுத்தில் பிரதி எடுத்தேன். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றவேண்டும். அது எங்கள் வேலை. வளவளப்பு இருந்தால் தலைமை எழுத்தர் சிவப்பு மையால் அடிப்பார். விசைப்படகுகள் மூன்று கல் தாண்டியே தொழில் செய்ய அனுமதிக்கப்பட வேண்டும் எனக் கோருகிறேன் என்று எழுதினேன். வாக்கியம் சுத்தமாக அமைந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

முறைப்படி சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும். மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். "மூன்று கல் தாண்டியே" என்று நான் படித்தபோது தலையை ஆட்டினார். அவர் காதில் விழுந்தது அவருடைய மூன்று கல். "நான் சொன்னதவிட நல்லாத்தான் கீது" என்று சொல்லி, கற்றுக்கொண்டிருந்த கையெழுத்தை எழுத்து எழுத்தாக வரைந்தார்.

போகும்போது என் தோளைத் தொட்டார். "பையனப் பத்திப் பயந்துகினே இருக்காத. சட்டம் வந்துட்சின்னா மூணாங்கல்லுல நிம்மதியா வல போடுவான்." அன்று நான் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரும்வரை நன்றாகத் தூங்கினேன். பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லை.

குழுவின் அறிக்கை அச்சாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது சில மாதம் கழித்து. ஆங்கிலத்தில் இருந்தது. நான் நேரே தூரத்தைத் தேடிப் போனேன். மூன்று மைல். கட்டுமர மீனவர்களின் சார்பில் சாட்சி சொன்னவரே மூன்று மைல் போதும், அதற்கு மேல் கேட்பது பேராசை என்று ஒப்புக்கொண்டுவிட்டதால், அதிக தூரம் குறித்து விவாதிக்கவேண்டிய தேவை எழவில்லை என்று கீழே குறிப்பு.

முதலில் ஏதோ அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் கல் என்றால் மைல். ஊருக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில், ஏரிக்கு மேற்கே அரைக் கல் தொலைவில் என்று பழைய பத்திரங்களில் படித்தும் எழுதியும் பழகிய வார்த்தை. சாலையோரத்தில் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள், அதனால் கல். தலைவருக்கும் கல் அதுதான், வக்கீலுக்கும் அதுதான், சென்னைக் கோட்டையில் அறிக்கையை மொழிபெயர்த்தவருக்கும் அதுதான். மூன்றாம் கல் கரையிலிருந்து ஐந்து மைலுக்கும் மேலே. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மைலில்தான் என் மகன் பகல் முழுக்க இருந்தான்.

சுருக்கெழுத்து நோட்டைத் தேடி எடுத்தேன். கல் என்பதைக் குறிக்கும் கோட்டின் முனையில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. அது 'உம்'. மூணு கல்லும். நான் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன், சரியாகத்தான் குறித்திருக்கிறேன். பிரதி எடுக்கும்போது விட்டிருக்கிறேன். மூணு கல்லும் என்றால் ஊருக்கே தெரிந்த அந்த மூன்று கல்லும். மைலை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த 'உம்' இருந்திருந்தால் யாராவது ஒருவர், எந்த மூணு கல் என்று கேட்டிருப்பார்.

திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தலைமை எழுத்தரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். சாட்சி படித்துக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட பதிவு இது, பதிவு செய்தவனே தப்பு என்றால் முதலில் அவன்மேல்தான் விசாரணை வரும் என்று விளக்கினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் மெமோவ நீயே டைப் பண்ணப் போறியா?" என்றார். அதட்டவில்லை. என் நன்மைக்குத்தான் சொன்னார்.

கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அறிக்கைதானே, இன்னும் அவையில் விவாதம் இருக்கிறது, எங்கள் பக்கத்து உறுப்பினர் யாராவது எழுந்து சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விவாதம் வரவில்லை. சட்டமன்றமே கலைக்கப்பட்டது. அவை கலைந்தால் மசோதாவும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

மசோதா போனது, மூன்று மைல் போகவில்லை. சட்டம் வரும்வரை தகராறு இல்லாமலிருக்க, குழு பரிந்துரைத்த எல்லையையே இரு தரப்பும் மதிக்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலோர ஊர்களுக்கு அனுப்பப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். ஸ்டென்சிலில் அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். மூன்று மைல் என்ற இடத்தில் விரல் நிற்கவில்லை. வேலை பழகிய விரல்.

குப்பத்தில் அந்தத் தாளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் வருவது இப்போது அவர்களுக்கு உரிமை.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அலுவலகத்துக்குக் குப்பத்து ஆள் ஒருவர் வந்து வாசலில் நின்றார். சட்டை ஈரமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நான் நடந்தேனா ஓடினேனா என்று இன்றும் நினைவில்லை.

மூன்றாம் கல்லில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது லாஞ்சு ஒன்று மடியோடு வந்திருக்கிறது. அதன் இழுவைக் கம்பி கட்டுமரத்தின் முன்முனையான அணியத்தில் மாட்டி, கட்டு அறுந்து மரங்கள் பிரிந்தன. பிரிந்த மரங்கள் அலையில் திரும்ப மோதியபோது என் மகனின் இடது கால் நடுவில் இருந்தது. மச்சான் அவனை ஒரு கையாலும் ஒரு மரத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த கட்டுமரம் வரும்வரை தண்ணீரில் கிடந்திருக்கிறார். லாஞ்சு நிற்கவில்லை.

காலை வெட்டி எடுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே சரியாகச் சேரவும் இல்லை.

விசாரணை நடந்தது. லாஞ்சுக்காரர்கள் சம்பவ இடம் கரையிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் என்றார்கள். மச்சானும் அதையேதான் சொன்னார், மூணாங்கல்லுலதான் என்று. அப்படியானால் எல்லை மீறல் இல்லை, விபத்துதான் என்றார் அதிகாரி. மச்சானுக்குப் புரியவில்லை. மூணு கல்லும் தாண்டித்தானே அவன் வரவேண்டும் என்று கேட்டார். அதிகாரி கோப்பைப் புரட்டி, நான் எழுதிய பக்கத்தை எடுத்துப் படித்தார். "நீங்களே மூணு மைல்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, பெரியவரே."

"மைலா? நான் கல்லுன்னேன்யா."

"கல்னா மைல்தான்."

குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றிருந்தார்கள். நான் காயம்பட்டவனின் தகப்பனாக ஓரத்தில் நின்றிருந்தேன். மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னா சொன்னேன் மாப்ள? நீதான எய்துன."

நான் சொன்னது இதுதான்: "மூன்று கல் என்றுதான் எழுதியிருக்கிறது." பொய் இல்லை. அதையும் அலுவலகத் தமிழில் சொன்னேன், வீட்டுப் பேச்சில் அல்ல. அதிகாரி தலையசைத்தார். மச்சான் என்னை இன்னும் சற்று நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான்தான் தப்பா சொல்லிட்டேன் போல கீது" என்றார்.

பின்னால் நின்றவர்கள் கேட்டது அதைத்தான். ஊரின் கடலை இவன் லாஞ்சுக்காரனோடு சேர்ந்துகொண்டு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. ஊர்க்கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் மரத்தில் ஏற ஆள் வரவில்லை. 'மைலு' என்று பெயர் வைத்தார்கள். மீன் எடுக்க வரும் பெண்கள்கூட, "இன்னா மைலு, இன்னிக்கி எத்தினி மைலு போன?" என்று கேட்பார்களாம். அவர் ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. தங்கச்சி புருஷன் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார்.

மகன் கட்டோடு எங்கள் வீட்டில் கிடந்தான். ஒரு மத்தியானம் அவன் அம்மா, மாமா பார்க்க வருகிறாராம் என்றாள். "மைலு மாமாவ வரவோணாம்னு சொல்லு" என்றான் அவன். சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நான் எழுந்துபோய் அந்த நோட்டைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் விரித்தேன். கொக்கியைக் காட்டினேன். அவனுக்குச் சுருக்கெழுத்து தெரியாது.

"இதுல இன்னா கீது நைனா?"

"உம்."

"இன்னா உம்?"

சொன்னேன். இழுப்பறையில் கிடந்த கடிதத்தையும் சொன்னேன். பூ வாங்கி வந்த நாளையும் சொன்னேன். அவன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டான்: "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா கீறாரு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய், கூட்டம் கூட்டச் சொல்லி, எல்லார் எதிரிலும் சொன்னேன். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் குரல்கூட உயர்த்தவில்லை. ஒருவர் மட்டும், ஒரு எழுத்துக்கா இத்தனையும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மச்சான் கூட்டத்துக்கு வரவில்லை. கடலுக்குப் போயிருந்தார், தனியாக.

திருத்தக் கடிதத்தை அதன்பின் அனுப்பினேன். பதில் வந்தது. அவை கலைக்கப்பட்டதோடு அந்தக் குழுவும் இல்லாமல் போய்விட்டதாம். இல்லாத குழுவின் பதிவைத் திருத்த அதிகாரம் எவருக்கும் இல்லையாம். அதோடு எனக்கு ஒரு மெமோ. அதை நான் தட்டச்சு செய்யவில்லை, வேறொருவர் செய்தார்.

பிறகு தேர்தல் வந்தது, புதிய சட்டமன்றம் வந்தது. இந்த வருடம் பழைய மசோதாவுக்குத் தூசி தட்டியிருக்கிறார்கள். மறுபடி ஒரு குழு. தூரம் குறிக்கும் இடத்தில் பழைய அறிக்கையிலிருந்து மூன்று மைலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் சாட்சி சொல்லலாம் என்ற அறிவிப்பு எங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். பாறை என்று சொல்லுங்கள், கல் என்ற வார்த்தையே வேண்டாம், அடையாளங்களைச் சொல்லுங்கள், நானும் கூட வந்து நிற்கிறேன் என்றேன். அவர் வலையில் ஒரு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். முடித்து, நூலைப் பல்லால் அறுத்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், அது பேப்பர்ல வேற எவனோ சொன்னதா ஆயிடுது. போ மாப்ள. தங்கச்சிய வரச் சொல்லு, பாத்து நாளாவுது."

ஊரில் வேறு யாரையும் சம்மதிக்கவைக்க முடியவில்லை. குழு மாமல்லபுரத்துக்கு வந்த அன்று எங்கள் குப்பத்திலிருந்து யாரும் போகவில்லை. நான் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்ல எனக்கு அருகதை இல்லை என்றார்கள். நான் மீனவனும் அல்ல, லாஞ்சு வைத்திருப்பவனும் அல்ல. எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் மூணு கல்லும் என்று பேச்சிலிருந்தபடியே எழுதியிருந்தேன். குமாஸ்தா ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, 'மூணு' என்பதை 'மூன்று' என்று பென்சிலால் திருத்தினார்.

மகன் இப்போது மாமனோடுதான் போகிறான். காலை இழுத்து இழுத்து மணலில் நடந்து, மற்றவர்கள் மரத்தைத் தள்ளி முடித்தபின் கடைசியாக ஏறுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குப்பத்துக்கு வந்து கரையில் நிற்பேன். முதல் கல் வரை ஆள் தெரியும், இரண்டாம் கல் வரை பாய் தெரியும். அதற்கு மேல் தெரியாது.